சுவரில் நடந்தவள்

அப்பாவின் போனைப் பக்கவாட்டில் சாய்த்தால் படம் உடனே திரும்பாது. சாய்த்துப் பிடித்து, காத்திருந்து, லேசாக ஆட்டி, முதுகில் தட்டினால், போனால் போகிறது என்று திரும்பும். சில சமயம் அதுவும் கிடையாது. நாம்தான் கழுத்தைச் சாய்த்துக்கொண்டு பார்க்க வேண்டும். தினமும் காலையில் அவருக்கு வருகிற பூப்படமும் சாமிப்படமும் மூச்சு விட இடமில்லாமல் அதற்குள் அடைந்து கிடந்தன. ஒன்றையும் அழிக்க விடமாட்டார். ஆரணி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் போன் ரிப்பேர் பார்ப்பவர், "பெரியவரே, இது போன் இல்ல, குப்பைத் தொட்டி" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்தப் போனில்தான் என்னைப் பெண் பார்த்தார்கள்.

எனக்குக் காது மந்தம். பிறவியில் வந்ததல்ல. பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து வீட்டுக்குப் பின்னால் இருக்கிற எங்கள் பவர்லூம் கொட்டகையில் நிற்கிறேன். பட்டு என்றால் மெத்தென்று இருக்கும் என்று கட்டுகிறவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். அதை நெய்கிற தறிக்குப் பக்கத்தில் ஒரு பொழுது நின்று பார்க்கட்டும். அது அடிக்கிற அடியில் தோளோடு தோள் நிற்பவர் கத்தினாலும் கேட்காது. அதனால் கொட்டகையில் யாரும் கத்துவதில்லை. சத்தம் போடாமல் வாயை மட்டும் அசைப்போம். எதிரில் இருப்பவர் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார். நூல் அறுந்தது, சாப்பிட வா, பக்கத்து வீட்டில் என்ன சண்டை, எல்லாமே உதட்டில்தான். அப்பா, அம்மா இருவருக்கும் இது பழக்கம். எனக்கு மட்டும் நாளாக ஆக அது ஒன்றே வழி என்று ஆகிவிட்டது. காதுக்குப் பக்கத்தில் வந்து பேசினால் கேட்கும். போனில் வருகிற குரல் கேட்காது.

முப்பது தாண்டிய பிறகு வந்த வரன் அது. மாப்பிள்ளை செய்யாரில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் சூப்பர்வைசர். அங்கே வேலை செய்கிறவர்களுக்குக் காதில் வைத்துக்கொள்ள அடைப்பான் கொடுப்பார்களாம். எங்கள் கொட்டகையில் யாராவது அதைக் கேட்டால் வாயால் சிரிக்க மாட்டார்கள். போட்டோவில் அவர் பல் தெரியாமல் சிரித்துக்கொண்டிருந்தார். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. அதைவிட அந்தக் கொட்டகையை விட்டுப் போவது பிடித்திருந்தது. இரண்டையும் வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

மாப்பிள்ளையின் அம்மா கெட்டிக்காரி. நேரில் வந்து பஜ்ஜி சொஜ்ஜி தின்றுவிட்டு வேண்டாம் என்று சொல்வது நன்றாக இருக்காது, முதலில் போனில் பார்த்துவிடுகிறோம் என்று தரகரிடம் சொல்லி அனுப்பினார். இன்னொரு வீடாக இருந்தால் கோபம் வந்திருக்கும். அப்பாவுக்குக் கொள்ளைச் சந்தோஷம். போனில் என்றால் என் காது விஷயத்தைத் தாண்டிவிடலாம் அல்லவா?

"அந்தம்மா மூஞ்சி போன்ல தெரியும். வாய பாத்துகினு பதில் சொல்லிடு. புரியலன்னா உங்கம்மாவ பாரு, அவ வாயில சொல்லுவா" என்றார் அப்பா.

"தாலி ஏறனப்புறம் தெரிஞ்சா தெரிஞ்சிட்டு போவுது" என்றார் அம்மா.

அந்த ஏமாற்று வேலையில் எனக்கும் முழுச் சம்மதம்தான்.

ஞாயிற்றுக்கிழமை பகல். தறிகளை நிறுத்திவிட்டு, டி.வி. ஸ்டாண்டின் மேல் ஒரு சொம்பை வைத்து அதில் போனைச் சாய்த்து நிற்க வைத்தார் அப்பா. பக்கத்தில் அம்மா. எதிரில் பட்டுப்புடவையில் நான். கடைக்குப் போக வேண்டிய புடவை அது. மடிப்பு கலையாமல் கழற்றிக் கொடுக்க வேண்டும் என்று முதலிலேயே எச்சரிக்கை. போனில் மாப்பிள்ளையின் அம்மாவும் அவர் தோளுக்குப் பின்னால் மாப்பிள்ளையும் தெரிந்தார்கள்.

ஆரம்பம் ஜோராகத்தான் போனது. என்ன படித்திருக்கிறாய், சமைப்பாயா, ரத்தப் பரிசோதனை ஏதாவது செய்திருக்கிறாயா என்று அந்தம்மா கேட்டார். பெரிய வாய், தெளிவான உதடு. ஒரு கேள்வியையும் விடாமல் படித்தேன். பதில் சொல்லச் சொல்ல அப்பாவின் முகம் மலர்ந்துகொண்டே போனது. அதற்குள் அவரை "சம்பந்திம்மா" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்.

"பொண்ண கொஞ்சம் நடக்க சொல்லுங்க" என்றார் சம்பந்தியம்மா.

போன் நேராக நின்றால் நான் இரண்டு எட்டு வைத்ததும் ஓரத்தில் காணாமல் போகிறேனாம். படுக்க வைக்கச் சொன்னார்கள். அப்பா போனைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்தார். படம் திரும்பவில்லை. சம்பந்தியம்மாவும் மாப்பிள்ளையும் ஒரு பக்கமாகப் படுத்துக் கிடந்தார்கள். நான் ஜன்னலிலிருந்து சமையலறை வாசல் வரை நடந்தேன். திரும்பிப் பார்த்தபோது மாப்பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். ஏன் என்று அப்போது எனக்குத் தெரியாது. அம்மா அப்புறம் சொன்னார். அவர்கள் பக்கமும் படம் திரும்பாததால் நான் சுவரில் செங்குத்தாக ஏறிப் போனது போல் தெரிந்ததாம். "பொண்ணு பல்லி மாதிரி செவுத்துல ஏறுதும்மா" என்றாராம் மாப்பிள்ளை. அப்பாவும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறார்.

மறுபடி நடக்கச் சொல்லி அம்மா கை காட்டினார். நடந்தேன். அப்பா போனைத் தூக்கி ஆட்டுவதும் மறுபடி சாய்ப்பதுமாக இருந்தார். அம்மா குனிந்து அவருக்கு யோசனை சொல்லிக்கொண்டிருந்தார். படுத்துக் கிடக்கிற வாயை எவளால் படிக்க முடியும்? அவர்கள் என்னவோ சொல்கிறார்கள் என்பது மட்டும் தெரிந்தது. லட்சணமாகத் தலையைக் குனிந்துகொண்டு நடந்தேன். சமையலறை வாசல் வந்தது. யாரும் நிற்கச் சொல்லவில்லையே என்று உள்ளேயும் போனேன். அடுப்பு வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தேன்.

"நில்லுமா, இன்னும் திரும்பல, நில்லு, நில்லு" என்று அந்தம்மா அங்கே தொண்டை கிழியக் கத்தியிருக்கிறார்.

நான் கூடத்துக்கு வரவும் போன் திரும்பியது. ஆட்டினாலும் தட்டினாலும் அசையாத அந்தச் சனியன், அன்றைக்கு, அந்த நேரம் பார்த்து, சட்டென்று திரும்பி, இரண்டு முகங்களையும் நேராக நிமிர்த்தி என் முன்னால் வைத்தது. அந்தம்மா மகனிடம் பேசிக்கொண்டிருந்தார். ஒரு எழுத்து பிசகாமல் படிக்க முடிந்தது.

"செவிடு போல கீதுடா. நில்லுன்னா நிக்காம போய்கினே கீது."

மாப்பிள்ளை போட்டோவில் போலவே பல் தெரியாமல் சிரித்தார். "நல்லதும்மா. நீ திட்றது காதுல வுழாது. உனுக்கு பேஜார் இல்ல."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆனாலும் காரியம்தான் பெரிதாகப் பட்டது. இந்தச் சந்தேகத்தை இப்போதே கிள்ளி எறிந்துவிட வேண்டும். முகத்தில் ஒரு சிரிப்பை வரவழைத்துக்கொண்டு, போனுக்கு நேராகப் போய் நின்று, கணீரென்று சொன்னேன்.

"எனக்கு காது நல்லா கேக்குதுங்க. நீங்க இப்ப பேசினது எல்லாம் கேட்டுச்சுங்க."

அம்மா கையை விரித்துக் காட்டினார். கொட்டகையில் அதற்கு, தறியை நிறுத்து என்று அர்த்தம். நான் அதைப் பார்ப்பதற்குள் எல்லாவற்றையும் சொல்லி முடித்திருந்தேன்.

மகனிடம் தனியாகப் பேச வேண்டும் என்று அந்தம்மா தன் பக்கத்துச் சத்தத்தை அணைத்திருந்தார். அப்பா அப்போதுதான், "சவுண்டு நின்னு போச்சே சம்பந்திம்மா, ஒண்ணுமே கேக்கலியே" என்று போனைப் பார்த்துச் சொல்லி முடித்திருக்கிறார். எங்கள் குரல் அவர்களுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தது. காது கேட்கிற எவருக்கும் கேட்காத ஒன்றை, நல்லாக் கேட்டுச்சு என்று நான் சொன்னேன். சத்தம் நின்றுபோனது அந்த வீட்டில் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியவில்லை.

உதட்டைப் படிக்கிறவர்கள் இருப்பார்கள் என்று பாவம் அவர்களுக்குத் தெரியாது. பவர்லூம் பக்கம் வந்து பழகாதவர்கள். மாப்பிள்ளை முதலில் திகைத்தார். அப்புறம் நான் செவிடுதான் என்று புரிந்தது போலிருக்கிறது. இந்த முறை பல் தெரியச் சிரித்தார். அந்தம்மா சிரிக்கவில்லை. அணைத்த சத்தத்தை மறுபடி போட்டுவிட்டு, என்னைப் பார்க்காமல் அப்பாவைப் பார்த்து, "பேசிட்டு சொல்லி அனுப்பறோங்க" என்றார். அதையும் படித்தேன்.

சொல்லி அனுப்பவில்லை. தரகர்தான் நான்கு இடத்தில் சொன்னார். பட்டுக்கடைக்குப் புடவை கொண்டுபோனால் அங்கே வேலை செய்கிற பெண்கள் சும்மா வாயை அசைத்துக் காட்டி, என்ன சொன்னோம் சொல்லு என்று கேட்பார்கள். அவர்கள் என்ன சொன்னார்கள் என்று நான் எழுதப் போவதில்லை.

அன்று சாயங்காலம் புடவையைக் கழற்றி மடித்துக் கொடுத்தபோது அப்பா, "வாய மூடிகினு இருந்திருந்தா இந்நேரம் முடிஞ்சிருக்கும்" என்றார். நன்றாகத் தெரியும்படி, நிறுத்தி நிறுத்தி, என் முகத்துக்கு நேராகச் சொன்னார். அடுத்த மாதமே புதுப் போன் வாங்கிவிட்டார். அதைச் சாய்க்க நினைத்தாலே படம் திரும்பிவிடும் போலிருக்கிறது. அதில் இதுவரை யாரும் என்னை நடக்கச் சொல்லவில்லை.

என்னைப் பற்றிய பேச்சு வீட்டில் இன்னும் நடக்கிறது. என் வயது, வெளியூரில் வேலைக்குப் போன தம்பிக்கு முதலில் முடித்துவிடலாமா, இவளைக் கடைசி வரை யார் பார்ப்பது. முன்பெல்லாம் நான் தூங்கிய பிறகு பேசுவார்கள். இப்போது பட்டப்பகலில், நான் கூடத்தில் இருக்கும்போதே பேசுகிறார்கள். நான் தலையைத் தூக்கினால் போதும், அப்பாவும் அம்மாவும் ஒரே சமயத்தில் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்கிறார்கள். அந்த வேகத்துக்குப் புதுப் போன்கூடத் திரும்புவதில்லை.