எங்குட்டுப் போறீக?

போன ஞாயிற்றுக்கிழமை, வாழ்க்கையில் முதல்முறையாக ஹாரன் சத்தமே இல்லாத ஒரு ரோட்டில் சைக்கிள் மிதித்தேன். லாரி இல்லை, பஸ் இல்லை, மாட்டுவண்டிகூட இல்லை. ஒரு பக்கம் உப்பங்கழி, மறுபக்கம் உடைமரக் காடு, நடுவில் ஜில்லா போர்டு காலத்தில் போட்ட சரளை ரோடு. டயருக்கு அடியில் சரளை நெறுநெறுவென்று அரைபடுகிற சத்தம்தான் கூடவே வந்தது.

காரைக்குடியில் தினமும் சைக்கிளில் ஆபீஸ் போகிறவனுக்கு இது எப்பேர்ப்பட்ட சுகம் தெரியுமா? இங்கே பின்னால் வருகிற பஸ் டிரைவர் நம் காதுக்குள்ளேயே ஹாரன் அடிப்பார். முன்னால் போகிற மாடு கை காட்டாமல் திரும்பும். அந்த ரோட்டில் அதெல்லாம் இல்லை. நடு ரோட்டில் போகலாம், வளைந்து வளைந்து போகலாம், பாடலாம். நான் பாடினேன். "கொக்கெல்லாம் பறந்து போகுது சார்" என்று சாத்தையாதான் நிறுத்தச் சொன்னார்.

சாத்தையா யார் என்று சொல்லவில்லையே... ஆபீசில் எனக்குப் பக்கத்து மேஜை. சொந்த ஊர் கல்லல். அவருடைய ஒரே தங்கை பஞ்சவர்ணத்தைத் தொண்டிக்குத் தெற்கே ஒரு கடலோரக் கிராமத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். அன்றைக்கு அந்தத் தங்கையின் மகளுக்கு ஊர்க் கோயிலில் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். மாமன் அவர், மாமனுக்குத் துணை நான்.

காதுகுத்துக்கு ஒரு துணையா என்று கேட்பீர்கள். சாத்தையாவுக்குத் துணை தேவைப்பட்டது. காரணம், தங்கையின் மூத்த பையனுக்குக் காது குத்தியபோது மடி கொடுத்தது அவர் இல்லை.

போகாமல் இல்லை, கிளம்பினார். வாசற்படி இறங்குகிற நேரம் பார்த்து எதிர்வீட்டுக்காரர், "எங்குட்டுப் போறீக?" என்று கேட்டுத் தொலைத்தார்.

நம் பக்கத்தில் இது எவ்வளவு பெரிய குற்றம்! கிளம்புகிறவரைப் பார்த்து 'எங்கே' என்று கேட்டால் போகிற காரியம் விளங்காது. தெரிந்துகொண்டே ஆக வேண்டுமென்றால் "தூரமா?" என்று கேட்பதுதான் மரியாதை. யாராவது வாய் தவறிக் கேட்டுவிட்டால், கிளம்பியவர் திரும்ப உள்ளே போய், உட்கார்ந்து, ஒரு செம்புத் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி இறங்க வேண்டும்.

சாத்தையா உள்ளே போனார், உட்கார்ந்தார், தண்ணீர் குடித்தார். பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸைப் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது பந்தி முடிந்து இலை எடுத்துக்கொண்டிருந்தார்களாம். மாப்பிள்ளையின் பங்காளி ஒருவர் மடியில் வைத்துக் காது குத்தி முடித்திருந்தார்கள்.

"அண்ணன் இருந்தும் இல்லாதவளா நிக்க வச்சிட்டீகளே" என்றாளாம் பஞ்சவர்ணம். அதுதான் கடைசி. அதற்குப் பிறகு பேச்சே இல்லை. தீபாவளிக்குச் சீர் கொண்டுபோனால் வாங்கி வைப்பாளாம், சோறு போடுவாளாம். போட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாளாம். "நாலு வார்த்தை வஞ்சாக்கூட நல்லாருக்கும் சார்" என்று சாத்தையா என்னிடம் சொன்னபோது பைலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

இந்தத் தடவை மாப்பிள்ளை ஆள் விட்டுச் சொல்லியிருந்தார். முதல் நாளே போய்விட்டால் என்ன என்று கேட்டேன். பேசாத தங்கை வீட்டில் ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்திருக்க அவருக்குத் தைரியம் இல்லை. அதனால் அன்று காலை முதல் பஸ். பஸ் மேலே இரண்டு சைக்கிள். திருவாடானை தாண்டி, ரோடு பிரிகிற ஒரு விலக்கில் இறங்கிக்கொண்டோம். அங்கிருந்து அந்த ஊருக்குப் பஸ் கிடையாது.

சீர்வரிசையைப் பங்கு பிரித்தோம். பட்டுப் பாவாடையும் தேங்காய் வெற்றிலையும் வைத்த ஓலைக்கொட்டான் அவர் கேரியரில். தோடு அவர் வேட்டி மடிப்பில். வாழைத்தார் என் கேரியரில்... எனக்குத்தான் உடம்பு இருக்கிறது, பேலன்ஸ் நிற்கும் என்று காரணமும் சொன்னார்.

விலக்கில் ஒரு டீக்கடை. கடைக்காரர் கிளாஸைக் கழுவிக்கொண்டே, தூரமா என்று மரியாதையாகக் கேட்டார். சாத்தையா முகம் மலர்ந்துபோய், இந்தா பக்கந்தான் என்றார். சகுனம் சுத்தம்! புறப்பட்டோம்.

அந்த ரோட்டைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும். மாசி மாதம் என்பதால் கழியில் இன்னும் தண்ணீர் கிடந்தது. சேற்றில் உமரிச் செடி சிவப்பாகப் படர்ந்திருந்தது. உள்ளான் குருவிகள் கூட்டமாக எழும்பி, ஒரே வீச்சில் திரும்பி, கொஞ்சம் தள்ளிப் போய் உட்கார்ந்தன. உப்புக் காற்று முகத்தில் அடித்தது. இந்த ரோட்டை இப்படியே சுருட்டிக் காரைக்குடிக்குக் கொண்டுபோய்விட்டால் என்ன என்று தோன்றியது.

ஒரு மணி நேரம் மிதித்திருப்போம். ஆளே இல்லாத ரோட்டில் ஒரு ஆள். ஆடு மேய்க்கிற அம்மா, கையில் தொரட்டி, தோளில் தண்ணீர்க் குடுக்கை. எங்களையும் வாழைத்தாரையும் பார்த்தார். சத்தமாகக் கேட்டார்.

"எங்குட்டுப் போறீக?"

சாத்தையா பிரேக் பிடித்த வேகத்தில் கொட்டானிலிருந்து ஒரு தேங்காய் உருண்டு ஓடியது. அவர் அதைக்கூடப் பார்க்கவில்லை. முகம் வெளுத்துவிட்டது. சைக்கிளைச் சாய்த்துவிட்டு அப்படியே ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டார். உச்சிப் பொழுதுக்குள் காது குத்தியாக வேண்டும். இவரோ குடிக்கத் தண்ணீர் தேடுகிறார். சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர்... அத்தனையும் உப்பு.

எனக்குக் கோபம் வந்தது. போன தடவை மடியைப் பறிகொடுத்ததே இந்தச் செம்புத் தண்ணீரால்தானே என்று வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டேன். அந்த அம்மாவிடம் குடுக்கையை வாங்கிச் சாத்தையாவிடம் கொடுத்தேன். அந்த அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. நல்லாத்தானே வந்தாக, இவுகளுக்கு என்ன ஆச்சு என்று கேட்டார். நான் ஊர்ப் பேரைச் சொன்னேன்.

"அந்த ஊருக்கு இந்த ரோட்டுலயா?" என்றார் அந்த அம்மா. "கார்த்திகை மழையில கழிக்குக் குறுக்க கெடந்த தாம்போதிப் பாலம் அத்துக்கிட்டுப் போயிருச்சே. இடுப்பளவு சேறு. இப்பிடிக் காட்டுக்குள்ள ஏறுங்க, கோயிலுக்குப் பின்னாடி கொண்டுபோய் விட்டுரும்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ரோட்டில் ஏன் வண்டி இல்லை, ஏன் ஆள் இல்லை, ஏன் இவ்வளவு அழகு... நடுவில் ரோடே இல்லை! டீக்கடைக்காரருக்கு இது தெரியாமல் இருக்குமா? பக்கந்தான் என்றதும், உடைந்த தாம்போதிக்கு இந்தப் பக்கம் ஏதோ ஒரு ஊர் என்று நினைத்திருப்பார். அவர் மரியாதையாகக் கேட்டார், நாங்கள் மரியாதையாகச் சொன்னோம். வழி மட்டும் கிடைக்கவில்லை. இந்த அம்மா மரியாதை இல்லாமல் கேட்டதால் பிழைத்தோம்.

சாத்தையா குடுக்கையைத் திருப்பிக் கொடுத்தார். உருண்டுபோன தேங்காயை எடுத்துத் துடைத்து அந்த அம்மா கையில் கொடுத்தார்.

காட்டுப் பாதையில் சரளை பாதி, மணல் பாதி. மிதித்தது கொஞ்சம், தள்ளியது கொஞ்சம். வேட்டியில் முள் இழுத்தது, கௌதாரிகள் காலடியிலிருந்து படபடவென்று எழுந்து ஓடின. கோயில் மேளம் காதில் விழுந்ததும் நான் சைக்கிள் மணியை அடிக்க ஆரம்பித்தேன். ஈ காக்கை இல்லாத காட்டில் மணி எதற்கு? அவர்களுக்குக் கேட்கட்டும் என்றுதான். ஹாரன் அடிக்கிற டிரைவருக்கும் இப்படி ஏதாவது அவசரம் இருந்திருக்குமோ என்னவோ.

கோயில் முன்னால் பங்காளி சம்மணம் போட்டு உட்கார்ந்தாயிற்று. ஆசாரி கையில் ஊசி தயார். பிள்ளையை மடியில் வைக்கத் தூக்கிவிட்டார்கள். மணிச் சத்தம் கேட்டு எல்லாரும் திரும்பினார்கள். பஞ்சவர்ணம் பிள்ளையைக் கொடுக்காமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பங்காளி நல்ல மனிதர், தானே எழுந்துகொண்டார். வேர்வையும் புழுதியுமாகச் சாத்தையா போய் உட்கார்ந்தார். காது குத்தும்போது பிள்ளை அழுதது. மாமன் அதைவிட அதிகமாக அழுதார்.

ஆனால் தங்கை பேசவில்லை. வீட்டில் இலை போட்டாள், கறியை அள்ளி அள்ளி வைத்தாள். அடுப்படிக்குப் போய்விட்டாள்.

சாயங்காலம் கிளம்பினோம். கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். சாத்தையா அடுப்படிப் பக்கம் பார்த்து, வாரேன் என்று பொதுவாகச் சொன்னார். வாசலுக்கு வந்து சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டிவிட்டோம். அப்போது நிலைப்படியில் பஞ்சவர்ணம் வந்து நின்றாள்.

"எங்குட்டுண்ணே போறீக?"

மாப்பிள்ளை பதறிப்போய், கிளம்புகிறவர்களைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது என்று அவளை அதட்டினார். சாத்தையா திரும்பிப் பார்த்தார். நானும் பார்த்தேன். அவள் கையில் ஏற்கெனவே செம்பு இருந்தது.

சாத்தையா சைக்கிளைச் சுவரில் சாய்த்தார். செருப்பைக் கழற்றினார். உள்ளே போய் உட்கார்ந்தார். அவள் எதிரே உட்கார்ந்துகொண்டாள். கடலோரத் தண்ணீர், நல்ல உப்பு. ஒரு செம்பைக் குடித்துவிட்டு இன்னொன்று கேட்டார்.

திங்கட்கிழமை எங்கள் ஆபீசில் இரண்டு மேஜை காலி.