பல்லில் கவ்விய டார்ச்

பிள்ளைகளே, எங்கள் ஏரித் தண்ணீரை வயல்களுக்குத் திருப்பிவிடும் நீர்க்கட்டி ஒருவர் இருந்தார். ஒல்லியான ஆள். ஒரு வருஷம் மதகுக் குழாயை வேலமுள் அடைத்துக்கொள்ள, கதிர் விடும் பயிர் வாடியது. மதகை மூடிவிட்டு, இருட்டுக் குழாய்க்குள் தவழ்ந்துபோய் முள்ளை எடுக்க வேண்டும்.

பெருமையாக என் மூணு கட்டை பேட்டரி டார்ச்சை அவரிடம் நீட்டினேன்.

"இன்னா நைனா, உலக்கையாட்டம் கீது! ரெண்டு கையும் முள்ளப் புடுங்கினா இத்த யாரு புடிக்கிறது?" என்றவர், பக்கத்தில் நின்ற ஆஸ்பத்திரி கம்பவுண்டரின் சட்டைப்பையிலிருந்த பேனா டார்ச்சை வாங்கினார்.

"அது மின்மினி வெளிச்சம்யா!" என்று சிரித்தேன்.

"முள்ளு இன்னா ஒரு மைல் தூரத்துலயா கீது?" என்று, டார்ச்சைப் பல்லில் கவ்வி நுழைந்தார்.

அரைமணியில் முள்ளோடு வெளியே வந்து மதகைத் திறந்தார். தண்ணீர் சீறிப் பாய, ஊரே கூவியது. அவர் மட்டும் பேசவில்லை. டார்ச் இன்னும் பல்லிடுக்கில் எரிந்துகொண்டிருந்தது.