நாற்பது விநாடிக்கு ஒரு டிக்

அந்த ஒலிநூலகத்தில் அவளுக்கு 'டிக்' என்று பெயர். முகத்துக்கு நேராக யாரும் கூப்பிட்டதில்லை. ஆனால் நடைவழியில் அவள் தலை தெரிந்ததும் பேச்சு சட்டென்று வானிலைக்கு மாறும். அதிலிருந்தே அவளுக்குப் புரிந்துவிடும்.

பார்வையற்றவர்களுக்காகப் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்யும் இடம் அது. அவள் அங்கே பதினோரு வருடமாக ஒலிப்பதிவாளர். அதற்கு முன் ஒன்பது வருடம் காதுக்கருவி விற்கும் கடையில் இருந்தாள். வீட்டில் ஃபிரிட்ஜின் இரைச்சல் இம்மி மாறினாலும் கண்டுபிடித்துவிடுவாள். டிரைவிங் ஸ்கூல் நடத்தும் கணவர், அவளைக் காருக்குள் ஏற்றவே பயப்படுவார். ஏறி உட்கார்ந்ததும் ஏதாவது ஒரு பக்கம் தலையைச் சாய்த்து, "முன் சக்கரத்துல என்னமோ உரசுது" என்பாள். பாழாய்ப்போன சக்கரம், உரசவும் செய்யும்.

'டிக்' என்ற பெயர் வந்தது ஒரு நன்கொடையால். யாரோ ஒரு புண்ணியவான் விலையுயர்ந்த டிஜிட்டல் கன்வர்ட்டர் ஒன்றை நூலகத்துக்கு வாங்கிக் கொடுத்தார். கணினியில் எண்களாகக் கிடப்பதைக் காதால் கேட்கும் ஒலியாக மாற்றும் பெட்டி. பின்பக்கம் நான்கு அட்டைகள் செருக இடம் இருந்தது. அதில் இரண்டு தகடு போட்டு மூடிக் கிடந்தன. வேண்டுமானால் பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று கொண்டுவந்தவர் சொல்லிவிட்டுப் போனார். மேலாளர் அதைக் கணினியோடு இணைக்கச் சொல்லி, கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியைத் தன் மேஜைக்குள் போட்டுக்கொண்டார்.

மறுநாளிலிருந்து எல்லாப் பதிவுகளிலும் ஒரு டிக். நகத்தால் மேஜையைத் தட்டியது போல, லேசாக. சொல்லின் நடுவில் விழுந்தால் அந்தச் சொல் விக்கல் எடுத்தது போலக் கேட்கும்.

வயரை மாற்றச் சொன்னார் மேலாளர். மாற்றினாள். பிளக்கை மாற்றச் சொன்னார். மாற்றினாள். பிறகு கதவைச் சாத்திவிட்டு, வாசிப்பவரின் பல்செட்டாக இருக்குமோ என்றார். வாசிப்பவர் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், குரலில் அப்படி ஒரு நிதானம். அவள் வேண்டாம் என்று தலையாட்டுவதற்குள் விஷயம் அவர் காதுக்குப் போய்விட்டது. மூன்று நாள் அவர் வரவில்லை. பல் மருத்துவரிடம் போயிருந்தாராம். திரும்பி வந்ததும் வாயைப் பாதி திறந்தே வாசித்தார். அழகான குரல், தலையணைக்குள்ளிருந்து வருவது போல ஆகிவிட்டது.

அன்றைக்குத்தான் அவளுக்கு உண்மையாகவே கோபம் வந்தது. கைக்கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு டிக்குகளை எண்ண ஆரம்பித்தாள். காலையில் நாற்பது விநாடிக்கு ஒன்று. மதியம், பூட்டிய அலமாரிக்குள் பெட்டி சூடானதும், முப்பத்தாறு. வெயிலுக்குத் தகுந்தபடி யாருடைய பல்லும் வேகமாக அடித்துக்கொள்ளாது. நேராக மேலாளர் அறைக்குப் போனாள்.

"சார், ரெண்டு பெட்டிக்குள்ளயும் தனித்தனியா கடிகாரம் இருக்கு. வாசிக்கிற ரூம்ல குரலை எண்ணா மாத்துற பழைய பெட்டி ஒரு வேகத்துல அனுப்புது. கம்ப்யூட்டர் இந்தக் கன்வர்ட்டர் வேகத்துல வாங்குது. துளித்துளியா விலகி, நாப்பது செகண்டுக்கு ஒரு தடவை கொஞ்சம் கீழ சிந்திடுது. ஒரு கடிகார அட்டை போட்டா, இது அதைப் பாத்து நடக்கும்."

"இவ்ளோ பெரிய மெஷின், அந்தப் பழைய டப்பாவைப் பாத்து நடக்கணுமா?"

அவருக்கு அது கௌரவப் பிரச்சினையாகப் பட்டது. அதற்கு மேல் இரண்டு மாதம் அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நான்காவது விண்ணப்பத்தில் கையெழுத்து விழுந்தது.

அட்டை வந்தது. கொள்முதல் எழுத்தர் தாமே கொண்டுவந்து கொடுத்தார். பிரித்தால், நெட்வொர்க் வயர் செருகும் அட்டை. இன்னொரு வழியாகப் பாட்டு உள்ளே வர உதவும்; கடிகாரத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. எழுத்தர் தப்பு தன்மேல் இல்லை என்றார். பட்டியலில் எல்லாமே 'விரிவாக்க அட்டை' என்றுதான் இருந்ததாம். முதலில் இருந்ததைக் கேட்டாராம்.

திருப்பி அனுப்பி, ஏழு வாரம் கழித்து இரண்டாவது வந்தது. இது கடிகார அட்டைதான். அவசர அவசரமாகப் பொருத்தினாள். டிக் நிற்கவில்லை. கையேட்டை வரிவரியாகப் படித்தபோது தெரிந்தது, அது ஆய்வுக்கூடத்துக் கடிகாரத்தின் துடிப்பை மட்டுமே ஏற்கும் வகை. பழைய பெட்டி அனுப்பும் துடிப்பு அதற்குப் புரியாது. இதுதான் இருப்பதிலேயே உசத்தி என்று கடைக்காரர் எழுத்தரின் தலையில் கட்டியிருக்கிறார். அவள் கையேட்டை மூடி வைத்துவிட்டு, கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

மூன்றாவது தடவை கடைக்குத் தானே போன் செய்தாள். அட்டையின் எண்ணை எழுத்தெழுத்தாகச் சொல்லி, கடைக்காரரைத் திருப்பிச் சொல்ல வைத்தாள். சரியானது வந்தது. செருகி, பழைய பெட்டியிலிருந்து ஒரு வயரை இழுத்து மாட்டி, ஒரு மணி நேரம் பதிவு செய்து, முழுவதையும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். சுத்தமாக இருந்தது.

சந்தோஷப்பட நேரமில்லை. இந்த எட்டு மாதத்தில் ஏழு புத்தகங்கள் டிக்கோடு பதிவாகியிருந்தன. ஒவ்வொன்றையும் கையால்தான் திருத்த வேண்டும். மேலாளர் அப்படியே வெளியே அனுப்பச் சொன்னார்.

"கேக்கிறவங்க யாரும் குறை சொல்லப் போறதில்லையே."

"யார்கிட்ட சொல்றதுன்னு தெரியாமத்தான் சொல்ல மாட்டாங்க சார்."

கடைசியில் அவர் ஒரு மாதம் கொடுத்தார். தினமும் பதிவு முடிந்ததும் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து நான்கு புத்தகங்களைச் சுத்தம் செய்தாள். மீதி மூன்றுக்கு நாள் இல்லை. ஐந்தாவது வாரம் அவை போய்த்தான் ஆக வேண்டும் என்றாகிவிட்டது.

அனுப்புவதற்கு முந்தைய நாள் மதியம் வாசிப்பறைக்குள் தானே போய் உட்கார்ந்தாள். பதினோரு வருடத்தில் மைக்கின் அந்தப் பக்கம் அவள் உட்கார்ந்ததே இல்லை. முதல் தடவை குரல் பிசிறியது, அழித்துவிட்டு மறுபடி சொன்னாள். மூன்று புத்தகங்களின் தொடக்கத்திலும் அதைச் சேர்த்தாள்: "இந்தப் பதிவில் அவ்வப்போது கேட்கும் சிறு சத்தம் இயந்திரத்தில் வந்த கோளாறு. வாசிப்பவரால் வந்தது அல்ல."

மேலாளரிடம் அவள் கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. கணித ஆசிரியரை மட்டும் கூப்பிட்டு, ஹெட்போனை மாட்டிக் கேட்க வைத்தாள். அவர் கேட்டுவிட்டு ஹெட்போனைக் கழற்றி வைத்தார். பிறகு, அடுத்த அத்தியாயத்தை இன்றைக்கே முடித்துவிடலாமா என்று கேட்டார்.