சாம்பலில் வரைந்த வீடு

நெசவாளர்களுக்கான அரசு வீட்டுத் திட்டத்தை ஆராய, தொண்ணூறுகளின் கடைசியில் காஞ்சிபுரம் போயிருந்தேன். குறை கண்டுபிடிப்பதில் எனக்கு அப்போது பெரிய கர்வம்.

அங்கே ஓர் அம்மாள். தறியில் நீளவாக்கில் ஓடும் பழைய பாவு நூல் தீரும்போது புதுப் பாவு நூலை அதோடு இழை இழையாகப் பிணைப்பது அவர் வேலை. இழை வழுக்காமலிருக்க விரலில் சாம்பல் தொட்டுக்கொள்வார். சும்மா பேசும்போதும் அந்த விரல்கள் காற்றில் எதையோ முறுக்கிக்கொண்டே இருக்கும்.

“புது வீட்டுல என்னம்மா குறை?” என்றேன்.

“தறிக்குழி வுடாம சிமெண்ட் தரை போட்டுட்டாங்கோ. நெய்யறவன் கால எங்க வெப்பான்?”

எழுதிக்கொண்டேன். “வேற?”

“கூடம் நீளம் பத்தல.”

“வேற?”

விரல்கள் நின்றன. “குறையவே கேட்டுக்கினு இருக்கியேபா, எப்படிக் கட்டணும்னு கேக்கமாட்டியா?”

என் கேள்வித்தாளில் அந்தக் கேள்வியே இல்லை. அவரே தாளைத் திருப்பிச் சாம்பல் விரலால் ஒரு வீடு வரைந்தார். நீளமான கூடம், தறிக்குழி, வெளிச்சத்துக்கு ஒரு ஜன்னல். “இதையும் சேத்துக் குடு,” என்றார்.

பஸ்ஸில் தாளை எடுத்துப் பார்த்தேன். சாம்பல் உதிர்ந்துபோயிருந்தது. குறைகள் மட்டும் மையில் பத்திரமாக இருந்தன.

என் அறிக்கையை எல்லோரும் பாராட்டினார்கள். அந்த ஜன்னல் எந்தப் பக்கம் என்றுதான் எனக்கு இன்றுவரை நினைவுக்கு வரவில்லை.