ஊருக்கு ஒரு சொந்தக்காரர்

லிப்ட் ஓடாதபோதுதான் லிப்ட் மெக்கானிக்கைக் கூப்பிடுவார்கள். அதனால் அவருடைய ஆயுளில் பாதி படியேறியே கழிந்தது. கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பத்து மாடி ஏறிப் போய், மூச்சு வாங்காமல் வேலையை ஆரம்பிப்பார். ஒரு குடியிருப்பின் காவலாளி, இந்தக் கால்களை வைத்துக்கொண்டு மாரத்தான் ஓடலாமே என்று விளையாட்டாகச் சொன்னார். இவர் அதைப் பிடித்துக்கொண்டார். முதலில் உள்ளூரில் ஓடினார். பிறகு வெளியூர் ஆசை வந்தது.

வீட்டுச் செலவில் கை வைக்கக் கூடாது என்று மனைவி ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார். எனவே முன்பதிவில்லாத பெட்டி, அவித்த உருளைக்கிழங்கு, வாழைப்பழம். ஓட்டம் நடக்கும் ஊரில் விடுதிக்காரர்கள் அந்த வாரம் மட்டும் வாடகையை ஏற்றிவிடுவார்கள் என்பதால் ரயில் நிலைய நடைமேடையே படுக்கை. ஓடுகிற ஷூவைத் தலைக்குக் கீழே வைத்துக்கொண்டு படுப்பார். கழற்றி ஓரமாக வைத்தால் காலையில் இருக்காது என்பது அவர் கணக்கு. எதையும் எளிதில் நம்பாத ஆள். பால் வெள்ளை என்று சொன்னாலும் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் தலையாட்டுவார் என்று அவருடைய மச்சினர் சொல்வதுண்டு. அறுந்துபோன கம்பிகளையே பார்த்துப் பழகிய தொழில். அந்தக் குணம் எங்கே போகும்?

ஓட்டத்துக்கான எண் அட்டை வாங்கும் வரிசையில் ஒரு டிரைவர் பழக்கமானார். இவருடைய ஊர்தான், ஏதோ வண்டி ஓட்டுகிறவர். எந்த வண்டி என்று கேட்டதற்கு, தூரத்துச் சவாரி எல்லாம் போவேன் என்று பொதுவாகச் சொன்னார். அதிகம் பேசமாட்டார். ஆனால் நடைமேடைக் கதையைக் கேட்டதும், "இனிமே அங்கெல்லாம் படுக்காதீங்கண்ணே. தங்க இடம் நான் பார்த்துக்கறேன். நமக்குச் சொந்தக்காரங்க இருக்காங்க" என்றார்.

சொன்னபடியே அடுத்த ஊரில் ஒரு வீடு இருந்தது. அந்த வீட்டு அம்மா டிரைவரைக் கண்டதும் வாசலுக்கே வந்து, "வா தம்பி" என்று கையைப் பிடித்துக்கொண்டார். சாப்பாடும் நல்ல படுக்கையும் கிடைத்தன. அடுத்த ஊரில் இன்னொரு வீடு, அங்கேயும் அதே உபசாரம். அதற்கடுத்த ஊரில் வீட்டுக்காரர்கள் வெளியே போயிருந்தார்கள். பக்கத்து வீட்டில் சாவி கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

ஓசியில் படுத்தாலும் மெக்கானிக்குக்குக் கண் மூடவில்லை. ஒருவனுக்கு ஓட்டம் நடக்கிற ஊரிலெல்லாமா சொந்தக்காரர்கள் இருப்பார்கள்? அந்தக் குடும்பங்களுக்குள் முகச்சாயலும் இல்லை, பேச்சும் ஒத்துப்போகவில்லை. எப்படிச் சொந்தம் என்று கேட்டால், "தூரத்துச் சொந்தம்ணே" என்பதோடு சரி. அதைவிட ஒன்று உறுத்தியது. டிரைவரைப் பார்த்ததும் அந்த வீடுகளில் யாராவது ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விடுவார்கள். மிரட்டி வைத்திருக்கிறானா? மாந்திரீகம், கீந்திரீகம் என்று ஏதாவது ஏமாற்றுகிறானா? வீட்டில் வந்து மனைவியிடம் சொன்னார்.

"ஊருக்கு ஒரு குடும்பம் வெச்சிருக்காரோ என்னவோ" என்றார் மனைவி. "உங்களுக்கு எதுக்கு ஊர் வம்பு? போனோமா, ஓடினோமா, வந்தோமான்னு இருங்க."

அவரால் அப்படி இருக்க முடியவில்லை. அடுத்த பயணத்தில் டிரைவர் குளிக்கப் போன சமயம் பார்த்து அவருடைய பையைத் திறந்தார். துவைத்து மடித்த சட்டைகளுக்கு அடியில் ரப்பர் கையுறைகளும் ஒரு மருந்து நெடி வீசும் பாட்டிலும் இருந்தன.  பையை இருந்தபடியே மூடி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தபோது, குளித்துவிட்டு வந்த டிரைவரும் அந்த வீட்டுப் பெண்ணும் சமையலறைப் பக்கம் தணிந்த குரலில் பேசுவது கேட்டது.

"உங்ககூட வந்திருக்காரே, அவருக்குத் தெரியுமா?"

"தெரியாதும்மா. சொல்லிடாதீங்க."

அவ்வளவுதான். மறுநாள் விடியற்காலை இருவரும் ஒன்றாகத்தான் ஓடத் தொடங்கினார்கள். டிரைவர் வேகக்காரர், முன்னால் போய்விட்டார். பாதி தூரத்தில் பாதை அந்த வீட்டுத் தெருமுனையைத் தொட்டுத் திரும்பியது. காசு கட்டிய ஓட்டத்தை ஒரு நாளும் பாதியில் விட்டதில்லை மெக்கானிக். அன்று தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தவர்கள் கூப்பிடக் கூப்பிடத் தெருவுக்குள் திரும்பினார்.

கதவைத் திறந்த பெண் வியர்வையில் நனைந்து நின்றவரைப் பார்த்துப் பதறிப்போனாள். டிரைவர் அண்ணன் எங்காவது விழுந்துவிட்டாரா என்றுதான் முதலில் கேட்டாள். இல்லை என்றார் இவர். பிறகு நேராகவே கேட்டார்: "அந்த ஆள் யாரும்மா? உங்களுக்கு என்ன முறை வேணும்? பயப்படாம சொல்லு."

அவள் இவரை உள்ளே கூப்பிட்டாள். உட்காரச் சொல்லிவிட்டுச் சொன்னாள். அவளுடைய அப்பாவை வைத்தியத்துக்காக மெக்கானிக்கும் டிரைவரும் இருக்கும் நகரத்துக்குக் கொண்டுபோயிருந்தார்கள். அங்கேயே இறந்துவிட்டார். கூட இருந்தது இவள் ஒருத்திதான். உடலை ஊருக்குக் கொண்டுவந்தது டிரைவர் ஓட்டும் அமரர் ஊர்தி.

"வழியெல்லாம் அப்பாகிட்ட பேசிக்கிட்டே வந்தாரு. 'ஐயா, பாலம் வருது', 'ஐயா, முன்னால பள்ளம், மெதுவாப் போறேன்'னு. எனக்குத்தான் சொல்றாரோன்னு நெனச்சேன். இல்ல, அவருக்குத்தான் சொன்னாரு. பயந்துக்கிட்டு இருந்த எனக்கு அதுக்கப்புறந்தான் அழுகையே வந்தது. எப்ப வந்தாலும் நம்ம வீட்டுக்கு வாங்கன்னு அம்மா சொன்னாங்க. எல்லாரும் சொல்றதுதான். அவர் நிஜமாவே வந்தாரு. எங்களுக்கு அது பெரிய ஆறுதல்."

முன்பு ஒருவர் டிரைவரோடு ஓட வந்துகொண்டிருந்தாராம். பிணம் ஏற்றும் வண்டி ஓட்டுகிறவர் என்று தெரிந்ததும் பாதிப் பயணத்தில் இறங்கிப் போய்விட்டாராம். அதிலிருந்து யாரிடமும் சொல்லுவதில்லை.

மெக்கானிக் எழுந்தார். எந்த இடத்தில் பாதையை விட்டு விலகினாரோ அதே இடத்துக்குப் போய், அங்கிருந்து ஓடினார். தண்ணீர் மேசைகளையெல்லாம் மடித்துக்கொண்டிருந்தார்கள். எல்லைக்கோட்டில் பதக்கம் மாட்டிவிட ஆள் இல்லை. டிரைவர் மட்டும் வெயிலில் நின்றுகொண்டிருந்தார்.

"என்னண்ணே, இவ்வளவு நேரம்? ஆம்புலன்ஸ்லயெல்லாம் தேடிட்டேன்."

"வயிறு சரியில்ல" என்றார் மெக்கானிக்.

டிரைவர் நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. தம் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். முந்தின நாள் இதே பாட்டிலில்தான் இருவரும் மாறி மாறிக் குடித்தார்கள். மெக்கானிக்கின் கை பாதி தூரம் போய் நின்றது. ஒரு கணந்தான், உடனே வாங்கிக் குடித்துவிட்டார். ஆனால் டிரைவர் அதைப் பார்த்துவிட்டார். திரும்பும் ரயிலில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

அதன்பிறகு டிரைவர் கூப்பிடவில்லை. மெக்கானிக் தனியாகவே போனார், பழையபடி நடைமேடையில் படுத்தார். உடம்பு ஒத்துக்கொண்டது, மனசு ஒத்துக்கொள்ளவில்லை. பையைத் திறந்ததைவிட அந்தக் கை நின்றதுதான் அவரை அரித்தது. மனைவியிடம் முழுவதையும் சொன்னபோது, அவர் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. "போய்ப் பாருங்க. போன்ல பேசாதீங்க" என்றார்.

மருத்துவமனைக்குப் பின்னால் இருந்த வண்டிக் கொட்டகையில் டிரைவர் கையுறை போட்டுக்கொண்டு வண்டியின் உட்புறத்தை மருந்து விட்டுக் கழுவிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி கழுவினார். மெக்கானிக் கிட்டே போனார். பிறகு வண்டியின் பின்கதவைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார்.

"கீல் தேய்ஞ்சிருக்கு. பள்ளத்துல சத்தம் வருமே?"

"வருது. சொல்லிச் சொல்லிப் பார்த்துட்டேன், மாத்தித் தரமாட்டேங்கறாங்க."

மெக்கானிக் கருவிப் பையை இறக்கி வைத்தார். வேலை முடியும்வரை இருவரும் கீலைப் பற்றித்தான் பேசினார்கள். திருகாணிகளை முடுக்கிய பிறகு, தலை நிமிராமலே, "உங்க பையைத் திறந்து பார்த்தேன். தப்புதான்" என்றார்.

"தெரியும். சட்டை மடிப்பு மாறியிருந்தது" என்றார் டிரைவர். "அந்தப் பொண்ணும் போன்ல சொல்லிடுச்சு. இனிமே எதுவா இருந்தாலும் என்கிட்டயே கேளுங்கண்ணே. ஓட்டத்தைப் பாதியில விட்டுட்டுப் போகாதீங்க."

அடுத்த மாதம் மலையடிவாரத்தில் ஒரு ஓட்டம் இருந்தது. அங்கே யார் வீடு என்று மெக்கானிக் கேட்டார். ஒரு பள்ளி ஆசிரியையின் வீடு. கணவரைக் கொண்டுபோய் விட்டிருந்தேன் என்று டிரைவர் மறைக்காமல் சொன்னார். அப்படியானால் காலையில் வெந்நீர் கிடைக்குமா என்று கேட்டுச் சொல்லச் சொன்னார் மெக்கானிக். மலைக்காற்று முழங்காலுக்கு ஆகாது.