ஐஸ் பையோடு டாக்டரைப் பார்க்கப் போனேன்

போன வருடம் ஏப்ரல் 22, காலை பதினொன்றே கால் மணி. மதுரையில் வெயில் மண்டையைப் பிளந்தது. விடியற்காலையில் நானும் என் மனைவியும் மலைமேல் இருக்கும் எங்கள் ஊர் வில்பட்டியில் பஸ் ஏறியபோது மூடுபனியில் எதிர்வீடு தெரியவில்லை. இங்கே ஆஸ்பத்திரி வாசலில் செருப்பையும் மீறிக் கால் சுட்டது. என் வியாதி இந்த இரண்டுக்கும் நடுவில்தான் ஒளிந்துகொண்டிருந்தது.

எனக்கு அறுபத்தொன்பது வயது. கூட்டுறவு சங்கத்தில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன்; இப்போது முக்கால் ஏக்கரில் பூண்டு போடுகிறேன். இரண்டு வருடமாகவே குளிர்ந்த தண்ணீரில் கை வைத்தால் விரல்கள் சுண்ணாம்பாக வெளுக்கும், பிறகு நீலமாகும், பிறகு சிவந்து எரியும். விரல் வீங்கி மோதிரம் கழற்ற வரவில்லை. முன்பு ஒரே மூச்சில் ஏறிய தெரு மேட்டில் நாலு இடத்தில் நிற்க வேண்டியிருந்தது. வறட்டு இருமல் வேறு.

மலையில் இதை யார் நோய் என்பார்கள்? கேரட் கழுவும் தொட்டியில் கை விட்டால் எல்லோருக்கும் விரல் விறைக்கும். மேடு ஏறினால் எல்லோருக்கும் இளைக்கும். “ஏலே, மலையில பொறந்துட்டு கை குளிருதுங்கிறியே, வெக்கமா இல்ல?” என்று டீக்கடையில் என் பள்ளித் தோழன் சிரித்தான். நான் எதற்கெடுத்தாலும் புலம்புகிறவன் என்று ஊரில் பெயர். இதையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டார்கள்.

மதுரைக்கு வருவது இது மூன்றாவது முறை. முதல் இரண்டு முறையும் மலை இறங்கும்போதே விரல்கள் சூடு பிடித்து, டாக்டர் முன் பச்சைக் குழந்தையின் விரல் போல இருந்தன. சத்து மாத்திரை எழுதி அனுப்பிவிட்டார்கள். இன்றும் அதே பதில்தான் என்றால் இனிமேல் தன்னைக் கூப்பிடக் கூடாது என்று மனைவி சொல்லியிருந்தாள்.

வாசலில் ஒரு சர்பத் வண்டி நின்றது. ஒரு பை நிறைய ஐஸ் மட்டும் வாங்கினேன்.

“என்னங்க இது? டாக்டருக்கு சர்பத் கலக்கிக் குடுக்கப் போறீங்களா?”

“அவருக்கு இல்ல, என் விரலுக்கு.”

“போற எடமெல்லாம் மானத்த வாங்குங்க” என்றாள். ஆனாலும் கரையாமல் இருக்கப் பையைத் தன் துண்டில் சுற்றிப் பிடித்துக்கொண்டாள்.

எனக்கு முன்னால் இரண்டு பேர் இருக்கும்போது கைகளைப் பைக்குள் விட்டேன். வலியில் உயிர் போனது. உள்ளே போய் மேசைமேல் இரண்டு கைகளையும் வைத்தேன். கோடு போட்டது போலப் பாதி விரல் வரை வெளுத்திருந்தது.

“பெரியவரே, என்ன பண்ணி வச்சிருக்கீங்க?”

“எங்க ஊரு குளிர இங்க கொண்டாந்திருக்கேன் சார். இப்பப் பாருங்க.”

இளம் டாக்டர் அவர். கோபப்படவில்லை. வெள்ளை நீலமாகும் வரை கண் எடுக்காமல் பார்த்தார். நகம் தொடங்கும் இடத்தில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, லென்ஸ் வைத்துப் பார்த்தார். வரிசையாக இருக்க வேண்டிய நுண்ணிய ரத்தக் குழாய்கள் சில புடைத்தும் சில காணாமலும் போயிருந்தனவாம். பிறகு முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார். முகம் மாறியது.

அந்த வாரமே ஸ்கேன். இரண்டு நுரையீரல்களின் அடியிலும் தழும்பு விழ ஆரம்பித்திருந்தது. சிஸ்டமிக் ஸ்கிளிரோசிஸ் என்றார். தோலையும் இறுக்கும், உள்ளுறுப்புகளையும் இறுக்கும்.

“விழுந்த தழும்பு போகாது. மேல பரவாம நிறுத்தப் பாப்போம். நல்ல நேரத்துல வந்தீங்க. ஆனா ஐஸ் விளையாட்டு இதோட போதும், அந்த விரல்ல புண்ணு வந்தா லேசுல ஆறாது.”

திரும்பும் பஸ் வத்தலக்குண்டைத் தாண்டியது. மனைவி என் கையை எடுத்துத் தன் மடியில் பொத்தி வைத்துக்கொண்டு, “இனிமே நீங்க பொலம்புனா நான் உக்காந்து கேக்குறேன்” என்றாள்.

நிலத்தை விற்றுவிட்டுத் திருப்பூருக்கு வரச் சொன்னான் மகன். முடியாது என்றேன். கம்பளிக் கையுறை, பிளாஸ்க்கில் வெந்நீர், வேளை தவறாத மாத்திரை. இவற்றோடு பூண்டுக் காட்டுக்குப் போகிறேன்.

“என்னலே மாப்ள, கையுறையெல்லாம் போட்டுப் பொண்ணு பாக்கவா?” என்கிறான் தோழன்.

“ஒன்னச் சுடுகாட்டுல எடுத்துப் போட்டுட்டுத்தாம்லே நான் போவேன்” என்கிறேன்.

சென்ற மாத மூச்சுப் பரிசோதனையில் அளவு குறையவில்லை. புலம்புகிறவனும் தன் உடம்பைப் பற்றி உண்மையைச் சொல்லலாம் என்று மற்றவர்களை நம்பவைக்க, பஸ், ஸ்கேன், மாத்திரை எல்லாம் சேர்த்து எனக்கு இன்று வரை ஆன விலை ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரத்து நானூற்று இருபது ரூபாய்.