நான் பார்க்காத பால்கனி

போன சனிக்கிழமை சாயங்காலம். கொல்லைப்புறத்தில் புல் வெட்டும் மெஷினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. பிரான்ஸ் நம்பர்.

“அண்ணை, அமலன் கதைக்கிறன். சுகமா இருக்கிறீங்களோ? ஒரு சின்ன விசயம் கேக்கவேணும்...”

தயங்கினார். நான் மெஷினை நிறுத்தினேன்.

“என்ர பல்கனியில என்ன கண்டு நிக்குதெண்டு அக்காவுக்குச் சொன்னனீங்கள்?”

கண்டு என்றால் செடி. அதாவது, தன் வீட்டு பால்கனியில் என்ன செடி இருக்கிறது என்று பதினாறாயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்கும் என்னிடம் கேட்கிறார். அவர் வீடு. அவர் பால்கனி!

நீங்கள் சிரிக்கலாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இதை எழுதலாமா, வேண்டாமா என்று மூன்று நாள் யோசித்தேன். “ஊர்ல இருக்கிறவங்க தப்பையெல்லாம் வாராவாரம் எழுதுறீங்கல்ல... இதையும் எழுதுங்க” என்றாள் என் மனைவி மீனா. அவள் சொன்ன தொனியில் மறுப்பதற்கு இடமில்லை.

விஷயத்துக்கு வருகிறேன்.

மெல்போர்னின் வடக்குப் புறநகரான கிரெய்கிபர்னில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ரீட்டா இருக்கிறார். மன்னார்க்காரர். சாலட் பாக்கெட் போடும் ஃபாக்டரியில் வேலை. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்து ரோல்ஸ் போடுவார்; அதில் ஒரு டஜன் எப்போதும் எங்களுக்கு. பதின்மூன்று வருடங்களுக்கு முன் இலங்கையிலிருந்து அகதியாகப் படகில் வந்தவர். இன்னும் தற்காலிக விசாதான். நாட்டை விட்டுப் போனால் திரும்பி உள்ளே விடுவார்களா என்பது நிச்சயமில்லை, அதனால் எங்கும் போவதில்லை. அவருக்கு ஒரே தம்பி அமலன். அவர் வேறு வழியாக பிரான்ஸ் போய்ச் சேர்ந்தவர். அக்காவும் தம்பியும் பார்த்துப் பதின்மூன்று வருடம் ஆகிறது.

நானும் மீனாவும் ஐரோப்பா டூர் போகிறோம் என்றதும் ரீட்டா ஒரு பார்சலோடு வந்தார். வறுத்து இடித்த கறித்தூள், பயத்தம் பணியாரம், தானே பின்னிய கம்பளித் தொப்பி.

“பார்சல் பெரிய விசயமில்லை அண்ணை. தபால்லயும் அனுப்பலாம். நீங்க அவன்ர வீட்டை ஒருக்காப் பாத்திட்டு வந்து சொல்லவேணும்” என்றார்.

“ஏன் ரீட்டா, தினம் வீடியோ கால்ல பேசுறீங்களே?”

“ஓம், பேசுறம். ஆனா போன்ல அவன்ர முகமும் பின்னால ஒரு வெள்ளைச் சுவரும் மட்டுந்தான் வரும். எத்தினை வருசமா அந்தச் சுவரைப் பாக்கிறன்... நேரில ஒருத்தர் பாத்துச் சொன்னாத்தான் எனக்கு மனம் ஆறும்.”

கட்டாயம் போகிறேன் என்றேன். அப்போது மனதாரத்தான் சொன்னேன்.

பாரிஸில் ஹோட்டல் காலைச் சாப்பாட்டு மேஜையில் எங்கள் டூர் பஸ்ஸில் வந்த கோயம்புத்தூர்க்காரர் ஒருவர், நான் போகப்போகும் ஊரின் பெயரைக் கேட்டதும் முட்டையை அப்படியே வைத்துவிட்டார். “அந்தப் பக்கமெல்லாம் போகாதீங்க சார். எல்லாம் வெளியாட்கள். பையைப் பிடுங்கிட்டு ஓடிடுவானுங்க” என்றார். அவர் போயிருக்கிறாரா? இல்லை. யாரோ சொன்னார்களாம். நான் யார்? மெல்போர்னில் பதினெட்டு வருடமாக ‘வெளியாள்’. ஆனாலும் அந்த வார்த்தை எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

அந்த ஊரின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. ஒருமுறை அவமானப்படுத்தியது போதும்.

மீனாவுக்குக் கால் வீங்கியிருந்தது, ஹோட்டலிலேயே இருந்துவிட்டாள். நான் மட்டும் பையை முன்பக்கம் மாட்டிக்கொண்டு ரயில் ஏறினேன். வடக்கே இருபது நிமிடம். மூன்று மணிக்கு ஸேன் நதியில் படகுச் சவாரிக்கு டிக்கெட் எடுத்திருந்தோம்.

ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால்... என்ன சொல்வது? உயரமான கட்டடங்களை எடுத்துவிட்டால் அது எங்கள் கிரெய்கிபர்ன். ஷிஃப்ட் முடிந்து தூக்கக் கலக்கத்தோடு பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள். துருக்கி பேக்கரி. அதற்குப் பக்கத்தில் தமிழில் போர்டு வைத்த மளிகைக் கடை. ஒரு ஆப்பிரிக்க அம்மா சூப்பர் மார்க்கெட் தள்ளுவண்டியில் நெருப்பு வைத்து மக்காச்சோளம் சுட்டுக்கொண்டிருந்தார். நான் வழி தெரியாமல் நிற்பதைப் பார்த்துத் தன் வண்டியை நகர்த்தி இடம் விட்டார். நான் பையை இன்னும் இறுக்கிப் பிடித்தேன். அதை அவர் பார்த்தார். நன்றாகவே பார்த்தார்.

அமலன் ஓடி வந்தார். இஸ்திரி போட்ட சட்டை. என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

“வாங்கோ அண்ணை. வீடு பத்து நிமிச நடைதான். நண்டுக்கறி வைச்சிருக்கிறன். லீவு போட்டிட்டு நிக்கிறன், ஆறுதலா இருந்து சாப்பிடலாம்.”

நான் வாட்சைப் பார்த்தேன். “இல்ல அமலன்... மூணு மணிக்கு ஒரு புரோக்ராம் இருக்கு. வைஃப் தனியா இருக்காங்க. இன்னொரு தடவை வர்றேன்” என்றேன். இன்னொரு தடவையாம்! ஏதோ பக்கத்துத் தெருவிலிருந்து வந்தவன் மாதிரி.

அவர் வற்புறுத்தினார். பிறகு நிறுத்திக்கொண்டார். பார்சலை வாங்கிக்கொண்டு, அக்காவுக்கு என்று ஒரு சாக்லேட் பெட்டியைக் கொடுத்தார். பத்தே நிமிடம். அடுத்த ரயிலில் ஏறிவிட்டேன். அவர் பிளாட்பாரக் கதவு வரை வந்து நின்றார்.

படகில் ஏறிப் பத்தாவது நிமிடம் தூங்கிவிட்டேன். ஈஃபில் டவர் வந்தபோது மீனாதான் எழுப்பினாள்.

மெல்போர்ன் திரும்பி, பெட்டியைக்கூடப் பிரிக்கவில்லை. ரீட்டா வந்துவிட்டார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்துகொண்டு, “அண்ணை, வீடு எப்பிடி?” என்றார்.

அந்த முகத்தைப் பார்த்து, ‘போகவில்லை’ என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரே வார்த்தை. வரவில்லை. “நல்ல வீடு ரீட்டா” என்றேன். சரி, அதோடு நிறுத்தியிருக்கலாமே? எழுதிப் பழகிய வாய். விவரம் இல்லாமல் பொய் சொல்ல வராது. “மூணாவது மாடி. நல்ல வெளிச்சம். சின்னதா ஒரு பால்கனி... அதுல தொட்டியில ஒரு கறிவேப்பிலைச் செடிகூட வச்சிருக்கார்.”

ரீட்டா கையைக் கூப்பிவிட்டார். “ஆண்டவரே... கறிவேப்பிலையோ!” இங்கே மூன்று குளிர்காலமாக ஒரு கறிவேப்பிலைச் செடியை உயிரோடு வைத்துக்கொள்ள அவர் படும் பாடு எங்களுக்குத் தெரியும்.

அவர் போனதும் மீனா கேட்டாள், “வீட்டுக்குப் போனேன்னு எங்கிட்ட சொல்லவே இல்லையே?”

நான் பெட்டியைப் பிரிக்க ஆரம்பித்தேன்.

சனிக்கிழமை போனுக்கு வருகிறேன். கறிவேப்பிலை என்றேன்.

“கறிவேப்பிலையோ...” என்றார் அமலன். “அது இங்க லேசில கிடைக்காதே அண்ணை. செவ்வந்தி எண்டிருந்தா ஒண்டை வாங்கி வைச்சிருப்பன். அக்கா ஒவ்வொரு நாளும் ‘கண்டு எப்பிடியடா?’ எண்டு கேக்கிறா. நானும் நல்லா நிக்குது, நல்லா நிக்குது எண்டு சொல்லிக்கொண்டு வாறன். என்ன கண்டெண்டு தெரிஞ்சாத்தானே!”

“ஏன் அமலன், நான் வீட்டுக்கே வரலைன்னு சொல்லியிருக்கலாமே?”

“எப்பிடியண்ணை சொல்லுறது? உங்களைப் பொய்யர் எண்டு சொன்ன மாதிரி வந்திடுமெல்லே?”

அதற்குப் பிறகு அவர் சொன்னதுதான் என்னைப் புல்தரையிலேயே உட்கார வைத்தது. அமலனுக்குப் பால்கனி கிடையாது. வீடே கிடையாது. ஒரே அறை, நான்கு பேர். மற்ற மூன்று பேரும் அன்றைக்கு எனக்காக அறையைக் காலி செய்துவிட்டுப் பின்னேரம் வரைக்கும் பூங்காவில் உட்கார்ந்திருந்தார்களாம், விருந்தாளி நிம்மதியாகச் சாப்பிட வேண்டும் என்று. அந்த நண்டுக்கறியை இரவு நால்வரும் சாப்பிட்டிருக்கிறார்கள்.

“அக்காவுக்கு இதை என்ர வாயால சொல்ல ஏலாமக் கிடந்தது அண்ணை. நீங்க வந்து பாத்திட்டுப் பக்குவமாச் சொல்லுவீங்களெண்டு நினைச்சன். இப்ப என்னெண்டா, உங்கட பல்கனியை நம்பி எனக்குக் கலியாணம் பேசுறா. ஊரில பொம்பிளையின்ர தகப்பனுக்கும் சொல்லிப்போட்டா. நாளைக்கு அவையளும் வீடியோவில வருகினமாம். வீட்டைச் சுத்திக் காட்டட்டாம்...”

குரலில் கோபமே இல்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். “நீங்க நல்லதுக்குத்தான் சொல்லியிருப்பீங்கள்” என்று வேறு சொன்னார். நல்லதுக்கா? நான் போகாததை மறைக்கச் சொன்னேன். அவ்வளவுதான்.

வெட்கத்தில் பழைய கதை ஒன்று வேறு ஞாபகம் வந்து தொலைத்தது. போன வருடம் இதே பத்தியில் என் காலேஜ் நண்பனைப் பற்றிப் புலம்பியிருந்தேன், நினைவிருக்கிறதா? மெல்போர்ன் வந்தவன், “கிரெய்கிபர்னா? அது ரொம்ப தூரமாச்சேடா. சிட்டிக்கு வந்துடு, ஒரு காபி சாப்பிடலாம்” என்று சொன்ன கதை. மட்டன் வாங்கி வைத்துக் காத்திருந்த நான் பொங்கி எழுந்து எழுதினேன். புறநகர் என்றால் மனிதர்கள் இல்லையா என்றெல்லாம் கேட்டேன். நீங்களும் எனக்கு ஆதரவாக அத்தனை கடிதம் போட்டீர்கள். அந்தக் கடிதங்களை இப்போது நான் எங்கே வைத்துக்கொள்வது?

இரண்டு தெரு நடந்தேன். ரீட்டா சமையலறையில் மாவு பிசைந்துகொண்டிருந்தார். உட்காராமல் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்டேஷன், வாட்ச், படகு, பால்கனி... ஒன்றையும் விடவில்லை.

மாவுக் கை அப்படியே நின்றது.

“போகேல்ல எண்டு சொல்லியிருந்தா நான் கோவிச்சிருப்பனே அண்ணை?” என்றார். “ரெண்டு கிழமையா நான் அந்தப் பல்கனியில போய் நிண்டிட்டுத்தான் நித்திரை கொள்ளுறன்.”

கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்தார். “சரி. ஸ்டேசனில கண்டனீங்கள்தானே? அதையாவது சொல்லுங்கோ. மெலிஞ்சு போனானோ?”

யோசித்தேன்.

“முன்பல்லு ஒண்டு உடைஞ்சது, கட்டிப்போட்டன் எண்டவன். கட்டியிருக்கோ? வலது காலை இழுத்து நடந்தவனோ?”

தெரியவில்லை. சத்தியமாகத் தெரியவில்லை. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு பேசிய பத்து நிமிடமும் நான் வாட்சையும் பையையும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சட்டை இஸ்திரி போட்டிருந்தது என்றேன். அதுதான் என்னிடம் இருந்தது.

ரீட்டா தலையை ஆட்டினார். போனை எடுத்துத் தம்பியைக் கூப்பிட்டார். முகம் வந்தது. பின்னால் அந்த வெள்ளைச் சுவர்.

“தம்பி, அண்ணை எல்லாம் சொல்லிப்போட்டார். போனைத் திருப்பு.”

“அக்கா...”

“திருப்படா.”

சுவர் நகர்ந்தது. இரண்டு அடுக்குக் கட்டில்கள். சுவரோரம் நான்கு சூட்கேஸ். குறுக்கே ஒரு கொடியில் துணி. அவசரமாகச் சட்டை மாட்டிக்கொண்டு எங்களுக்குக் கையசைத்த மூன்று பேர். கட்டில் கம்பியில் ரீட்டா பின்னிய தொப்பி. ஜன்னலில் ஒரு பிளாஸ்டிக் தொட்டி.

“அதென்னடா கண்டு?”

“புதினா, அக்கா. அண்ணை என்ன கண்டு சொன்னவரெண்டு அப்ப தெரியாது. கேப்பாயெண்டு போன கிழமை கடையில கிடந்ததை வாங்கி வைச்சன்.”

ரீட்டா சிரித்தார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுதார். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, “நாளைக்கு அவையளுக்கும் இதைத்தான் காட்டுறம். பிடிச்சாச் செய்யட்டும்” என்றார். போனை என் பக்கம் நீட்டினார்.

“வடிவாப் பாருங்கோ அண்ணை. இதுதான் அவன்ர வீடு.”

பார்த்தேன். பல் கட்டியிருந்தது. ஆள் நன்றாகவே மெலிந்திருந்தார்.

பெண் வீட்டார் ஞாயிற்றுக்கிழமை பார்த்துவிட்டு, யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். முதலிலேயே அறை என்று தெரிந்து பார்த்திருந்தால் வேறு பதில் வந்திருக்குமோ, என்னவோ. என் பால்கனி நடுவில் நிற்கிறது. இந்த வாரம் ரீட்டா வழக்கம்போல ஒரு டஜன் ரோல்ஸ் கொடுத்தனுப்பினார். எனக்கு இறங்கவில்லை.

இதை எழுதி முடித்ததும் அந்தக் காலேஜ் நண்பனுக்கு போன் செய்து மன்னிப்புக் கேட்க வேண்டும். அவன் என் வீட்டுக்கு வரவில்லைதான்... ஆனால் வந்தேன் என்று யாரிடமும் சொல்லவில்லையே!